பச்சைச் சோபாவில் ஒரு குழி

“இந்தச் சோபாவுல யாரு உக்காந்திருந்தது?” என்று அப்பா ஒருமுறை மகளைக் கேட்டார்.

“யாருமில்லப்பா. நான் நின்னுக்கிட்டுத்தான் கிட்டார் வாசிச்சேன்.”

அப்பா சோபா தைப்பவர். வீட்டின் பின்னறைதான் அவருடைய பட்டறை. ஸ்பிரிங்கும் பஞ்சும் புதிதாக மாற்றிய பிறகும், பச்சைச் சோபாவின் இடது ஓரம் மட்டும் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கிக் கிடந்தது.

“எதைப் போட்டாலும் குழி விழுது. என் மானம் போகுது,” என்று முணுமுணுத்தார் அப்பா.

அந்தச் சோபாவைப் பிரித்தபோது அதன் வயிற்றுக்குள் ஒரு சீப்பும், சில பொத்தான்களும், ஒரு பழைய கேசட்டும் கிடைத்தன. கேசட்டில் ஒரே ஒரு பாட்டு. பாடியவர்கள் யார் என்று எழுதியிருக்கவில்லை. அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. பள்ளி விழாவில் தன் குழு அதைத்தான் பாடும் என்று சொல்லிவிட்டான்.

அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பது அவள்தான். பயிற்சி நடப்பது அப்பாவின் பட்டறையில். அங்கே அவளுக்கு ‘ஜெராக்ஸ்’ என்று பெயர். எந்தப் பாட்டையும் கேட்டுக் கேட்டு அப்படியே வாசித்துவிடுவாள். கேசட்டில் யாராவது இருமினால் இவளும் இருமுவாள் என்று அண்ணனின் நண்பர்கள் கேலி செய்வார்கள்.

இந்தப் பாட்டில் ஒரு விநோதம் இருந்தது. கடைசிச் சரணத்தின் நடுவில் பேஸ் சட்டென்று நின்றுவிடும். அப்புறம் வரவே வராது.

“அதுதான் ஸ்டைல்,” என்றான் அண்ணன். “நீயும் அங்கயே நிறுத்து. கேசட்ல இருக்கிறபடி.”

அவளும் அங்கேயே நிறுத்தினாள். ஒவ்வொரு முறையும், அவள் கை நின்ற அந்த நொடியில், ‘கிரீச்’ என்று சோபாவின் இடது ஓரம் அமுங்கியது.

“அண்ணா, அங்க பாரு.”

“ஸ்பிரிங் லூஸு,” என்றான் அவன். “நீயும் லூஸு.”

மறுநாள் மாலை அவள் பட்டறையில் கேசட்டை ஓடவிட்டுத் தனியாகப் பழகினாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைசிச் சரணம், நடுப்பகுதி. கையை நிறுத்தினாள். சோபா அமுங்கியது.

பிறகு, டொக், டொக், டொக்.

சோபாவின் மரக்கையில் யாரோ விரலால் தாளம் போடுகிறார்கள். கேசட்டில் பாட்டு முடிந்தும் தாளம் நிற்கவில்லை. எதற்காகவோ காத்திருப்பது போல அது தட்டிக்கொண்டே இருந்தது. ஓடிவிடத்தான் நினைத்தாள். கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள்.

கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். தாளம் நின்றது. அவர் எதையும் கவனிக்காமல் ஒரு நாற்காலியைக் கவிழ்த்து, உட்காருமிடத்தைத் தாங்கும் அடிப்பட்டையை இழுத்துக் கட்டினார். பட்டை ‘டப்’ என்று அறுந்தது.

“ச்சே,” என்றார் அப்பா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறாள். கேசட்டைப் பின்னால் ஓட்டி, ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்துக் கேட்டாள். பேஸ் நிற்கும் இடத்தில், பாட்டுக்கு அடியில், ‘டப்’. அப்புறம் மிக மெல்லிய ஒரு குரல்: “ச்சே.”

அது ஸ்டைல் இல்லை. கிட்டார்க் கம்பி அறுந்திருக்கிறது.

பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டது போல, அன்று பேஸ் வாசித்தவர் பாட்டின் நடுவில் நின்றுபோயிருக்கிறார். சோபாவில் உட்கார்ந்து மீதிக்காகக் காத்திருப்பது அவர்தான். பயத்தையும் மீறி அவளுக்குப் பாவமாக இருந்தது.

விழாவுக்கு முந்தைய நாள், கடைசிப் பயிற்சிக்கு அண்ணன் மட்டும் கிட்டாரோடு வந்து நின்றான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“சரி, கம்பி அறுந்துச்சுன்னே வெச்சுக்குவோம். மீதியில அவர் என்ன வாசிச்சிருப்பாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு நிறுத்து. ஒரு சுரம் கூடினாலும் நாளைக்கு நீ மேடையில இல்ல.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. மேடை ஏற அவள் ஒரு வருடமாக ஆசைப்பட்டிருந்தாள்.

அண்ணன் பாட ஆரம்பித்தான். கடைசிச் சரணம் வந்தது. அந்த இடமும் வந்தது. கேட்டு அப்படியே வாசிக்க அங்கே யாருடைய வாசிப்பும் இல்லை.

அவள் நிறுத்தவில்லை.

முதலில் விரல் தடுமாறி ஒரு தப்புச் சுரம் விழுந்தது. அதையே இன்னொரு முறை வாசித்தாள். இப்போது தப்பாகத் தெரியவில்லை. அங்கிருந்து, தெரியாத வீட்டில் இருட்டில் படியிறங்குவது போல, ஒவ்வொரு சுரமாகத் தடவித் தடவிக் கீழே வந்தாள்.

டொக், டொக், டொக். மரக்கையில் தாளம் சேர்ந்துகொண்டது.

அண்ணனின் குரல் நடுங்கியது. ஆனால் பாட்டை விடவில்லை. கடைசிச் சுரத்தை அவள் நீளமாக இழுத்தாள்.

“நாளைக்கும் இதே மாதிரி வாசி,” என்றான் அண்ணன், சோபாவைப் பார்க்காமல்.

“இதே மாதிரி வராதுண்ணா. வேற மாதிரிதான் வரும்.”

“வந்தாச் சரி.”

கிரீச்.

இருவரும் திரும்பினார்கள். சோபாவின் குழி மெல்ல மேலெழுந்து சமமானது. பட்டறைக் கதவு ஓர் ஆள் வெளியே போகும் அளவுக்குத் திறந்தது. பிறகு, தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்பது போல, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.