ஜெனிஃபரின் குடுவை

செல்களை வளர்க்கும் இன்குபேட்டருக்குள் இருந்த பதினோரு குடுவைகளில் ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டது. வேதநாயகி பக்கத்துக் குடுவையைத் தொட்டுப் பார்த்தாள். அது சரியாக உடம்புச் சூட்டில்தான் இருந்தது. மறுபடி இதைத் தொட்டாள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைப் போல் உள்ளங்கையில் ஏறியது சூடு. மேலே அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ஜெனிஃபர், மார்ச் 1998.

ஜெனிஃபர் அவளுடைய ஒரே மகள். ஒன்பது வயதில், நாலு மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள். ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று. ஊரில் பெரும்பாலானவர் உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக் கிடப்பது. அதை அடக்கிவைக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அந்தப் பிள்ளைக்கு மட்டும் எழுந்து வரவில்லை. தன் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, அந்த வைரஸை அடையாளம் காணப் பழக்கி, மகளுக்கு ஏற்றிவிடலாம் என்று வேதநாயகி இந்த ஆய்வகத்திலேயே பழியாய்க் கிடந்தாள். அவை தயாராவதற்கு ஒன்பது நாள் முன்னால் பிள்ளையைப் புதைத்தார்கள். வைரஸ் புகுந்த மகளின் ரத்த செல்கள் மட்டும் சாகாமல் குடுவையில் பெருகிக்கொண்டிருந்தன.

"உங்க டி செல்லை அதுல போட்டுப் பாருங்கம்மா," என்று ஆய்வகத் தலைவர் அனந்தபத்மநாபன் வெள்ளிக்கிழமை தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார். "கொல்லுதுன்னு தெரிஞ்சா, இப்ப இதே நோயோட வார்டுல இருக்கற குழந்தைக்கு அவங்கப்பா ரத்தத்துல செஞ்சு பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. வெளியே மழை பிடித்திருந்தது. ஸ்பிரிட் வாடைக்கு அடியில், வியர்த்த தலையணையின் வாடை மெல்லிதாக வந்துபோனது. இன்குபேட்டரின் விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது, சளி கட்டிய நெஞ்சு மூச்சுக்குத் திணறுவது போல. தொலைபேசி மணி அடித்ததும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

"சர்ச்சுல இருந்து நேரா அங்க போயிட்டியா?" கணவன் சாமுவேல். "நம்ம பொண்ண மண்ணுல வெச்சாச்சு வேதா. அங்க இருக்கறது வெறும் ரத்தம்."

"காய்ச்சல் அடிக்குதுங்க," என்றாள்.

"வூட்டுக்கு வந்துடு," என்று அழுதான்.

அவள் ரிசீவரை வைத்தாள். வார்டிலிருக்கும் முகம் தெரியாத அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டாள். தான் பழக்கிவைத்த டி செல்களைக் குழாயில் உறிஞ்சி எடுத்து, ஜெனிஃபரின் குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். நகராமலிருக்க ஒரு விரலால் குடுவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணை வைத்துப் பார்த்தாள்.

மகளின் செல்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. எப்போதும் போல. பிறகு அசைந்தன.

தானாக நகரத் தெரியாத செல்கள் அவை.

ஒரே பக்கமாக வந்தன. அவள் விரல் இருந்த பக்கம். விரலை எடுத்து எதிர் ஓரத்தில் வைத்தாள்.

நின்றன. திரும்பின.

அந்தப் பக்கம் வந்தன.

பின்னாலேயே சின்னச் சின்னதாய் அவளுடைய டி செல்கள். பழக்கியபடியே. ஒன்றுவிடாமல் சூழ்ந்தன. ஓரத்துக் கொத்து கரைந்தது. அடுத்தது.

"வராதடி," என்றாள். "அம்மாகிட்ட வராத."

மிச்சமிருந்தவை இன்னும் வேகமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவள் விரல் தொட்ட இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டன.