நாலரை அங்குலம்

சிவப்புப் புள்ளி ஒன்று முதலில் பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தது. அங்கிருந்து தாவி, தாழ்ப்பாள் அட்டைகளில் ஓடி, நிலோஃபரின் பச்சைத் துப்பட்டாவில் ஏறி, அவள் கன்னத்துக்கு வந்து நின்றது.

"ஹலோ! கண்ணுல பட்டா யாருங்க பதில் சொல்றது? கீழ வைங்க அதை!"

அவள் போட்ட சத்தத்தில் வெளியே மன்னார்குடி பந்தலடித் தெருவில் போய்க்கொண்டிருந்த தஞ்சாவூர் பஸ் பிரேக் போட்டது. கல்லா மேடையில் கிடந்த, நீளம் அளக்கும் லேசர் மீட்டரை எடுத்து அமுக்கிப் பார்த்த இளைஞன், சுடுகிற பணியாரம்போல அதைக் கீழே வைத்தான். வெளியே அடைமழை. அவன் சட்டையிலிருந்து வடிந்த தண்ணீரில் தாராளமாக ஒரு மா நிலத்தில் சம்பா நடலாம்.

"மன்னிச்சுக்கங்க... சும்மா அமுத்திப் பாத்தேன்."

நிமிர்ந்தான். ஐயோ, அந்தக் கண்கள்... ஐப்பசி மழை மொத்தமும் அங்கே வந்து தேங்கி, வடிய வாய்க்கால் கிடைக்காமல் நிற்பதுபோல அப்படி ஒரு கறுப்பு!

நிலோஃபர் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். 'கடையைப் பாரு... கண்ணைப் பாக்காதே.'

கடை அவள் கைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அவளைப் பெற்ற அத்தா ஹபீப் முகம்மது உம்ரா யாத்திரைக்குப் புறப்பட்டபோது சாவியோடு ஒரு நிபந்தனையையும் கொடுத்திருந்தார். "நான் வர்ற வரைக்கும் ஒரு சாமான்கூட குறைன்னு திரும்பி வரக் கூடாது. வந்துச்சு... கடையை உன் அக்கா மாப்பிள்ளை மூஸாகிட்ட ஒப்படைச்சிருவேன். வரலைன்னா கடை உனக்குத்தான்." இருபது வருடமாக அந்த ஹார்டுவேர் கடையிலிருந்து போனது எதுவும் குறை என்று திரும்பியதில்லை. அங்கே வாங்கிய ஆணி வளைவதற்கு முன் அத்தாவிடம் அனுமதி கேட்கும் என்று மன்னார்குடியில் பேச்சு.

"என் பேரு ஃபஹத். கத்தார்ல எட்டு வருஷம் இன்டீரியர் வேலையில ஃபோர்மேனா இருந்தேன். இப்ப ஒரத்தநாட்டுல சொந்தமா மொத வேலை எடுத்திருக்கேன்." அவன் மேல் தட்டைக் காட்டினான். "அந்தத் தங்கக் கலர் மீட்டரைக் குடுங்க. நூறு மீட்டர் அளக்கும்னு போட்டிருக்கே!"

"நீங்க அளக்கப்போறது அடுப்படியா, ஏர்போர்ட்டா?"

"அடுப்படிதான்... இருந்தாலும் கைல எடுத்தா ஒரு கெத்து இருக்கணும்ல?"

"கெத்தை வச்சு கல்லு வெட்ட முடியாதுங்க. எவ்வளவு தூரம் போவுதுன்னு பாக்காதீங்க. பத்து தடவை அளந்தா பத்து தடவையும் ஒரே பதில் சொல்லுதான்னு பாருங்க."

மூன்று மீட்டர்களை வரிசையாக வைத்து, எதிர்ச் சுவரை ஒவ்வொன்றாலும் பத்து முறை அளந்து காட்டினாள். தங்கக் கலர் பத்து தடவைக்கும் பத்து விதமாகப் பதில் சொன்னது. அதை நம்பினால் கடைச் சுவர் வடுவூர் ஏரிக்குள் போய் நிற்கும்! கறுப்பாக, அலங்காரமே இல்லாமல் இருந்த மூன்றாவது மட்டும் சொன்னதையே சொன்னது. ஸ்டீல் டேப்பை இழுத்துப் பிடித்தாள். மயிரிழை பிசகவில்லை.

"இதை எடுத்துக்கங்க. வெயில்ல புள்ளி தெரியாது, நிழல் பாத்து அளங்க. கண்ணாடியில நேரா அடிக்காதீங்க, ஒரு அட்டையை வச்சு அடிங்க. இந்த பட்டனை ஒரு தடவை அமுத்துனா மீட்டரோட முன் விளிம்புலேருந்து அளக்கும்... இன்னொரு தடவை அமுத்துனா பின் விளிம்புலேருந்து. எதுக்கும் கல்லை வெட்டறதுக்கு முன்னாடி டேப்பால சரிபாத்துருங்க."

"டேப்பா? கத்தார்ல நாங்க அதையெல்லாம் விட்டே எட்டு வருஷமாச்சுங்க..."

சிரித்தான். இடது கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. நிலோஃபருக்குக் கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மீட்டரைப் பெட்டிக்குள் தலைகீழாக வைத்து, பில்லைத் தனக்கே கொடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அதே கண்கள் வந்தன... இந்த முறை நெருப்போடு.

"நல்லா பாத்துக் குடுத்தீங்க! எட்டடி சமையல் மேடைக்கு வெட்டுன கிரானைட், நாலரை இன்ச் குறையுது! வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்லேருந்து வந்துக்கிட்டிருக்கார்!"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குறை! இருபது வருடத்தில் முதல் குறை!

"எங்க கடை மீட்டர் பொய் சொல்லாது. வாங்க, நேர்லயே பாத்துடுவோம்." நின்றவர்களை அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டி, ஸ்கூட்டியில் ஏறினாள். அவன் பைக்கில் முன்னால் போனான். ஒரத்தநாடு வரைக்கும் மழை மட்டும் இரண்டு பேர் சார்பிலும் பேசிக்கொண்டு வந்தது.

புது வீட்டு அடுப்படியில் வீட்டுக்காரரின் மனைவி குந்தவை இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன தம்பி, என் அடுப்பு ஒரு பக்கம் அந்தரத்துலயா நிக்கப் போவுது?"

ஃபஹத் அவளைச் சமாதானப்படுத்த ஹாலுக்கு அழைத்துப் போனான். நிலோஃபர் மீட்டரைக் கையில் எடுத்தாள். திரையின் ஓரத்தில் ஒரு துக்கடா அம்பு... முன் விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று பட்டனைக் காட்ட ஒரு தடவை அமுக்கியவள், அந்தக் கன்னக்குழியைப் பார்த்த கிறக்கத்தில் மறுபடி அமுக்கவே இல்லை! அணைத்துப் போட்டாலும் இந்த மாடல் கடைசியாகச் சொன்னதை மறக்காது. அவன் சுவரில் பின்பக்கத்தை ஒட்டி வைத்து அளந்திருக்கிறான்... மீட்டரின் நீளம் நாலரை அங்குலம் கணக்கில் வராமலே போயிருக்கிறது.

ஒரே ஒரு அமுக்கு. அம்பு திரும்பிவிடும். 'மீட்டர் சரியாத்தானே இருக்கு' என்று நிமிர்ந்து நிற்கலாம். கடை பிழைத்துவிடும். அவன் மட்டும் முட்டாளாகி நிற்பான்... யாருக்குத் தெரியும்?

கட்டைவிரல் பட்டன் மேல் ஒரு யுகம் நின்றது. பிறகு கையை எடுத்தாள்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்!" குரல் கணீரென்று வந்தது. "மீட்டர்ல குறை இல்ல, இவர் மேலயும் இல்ல. கடையில நான்தான் முன் விளிம்புல வச்சுட்டு, மாத்தாமக் குடுத்துட்டேன். தப்பு என்னுது. புதுக் கல்லு என் பொறுப்பு."

குந்தவைக்கு வாய் அடைத்துப்போனது. அந்த வட்டாரத்தில் அது நடந்ததாக அதற்கு முன் தகவல் இல்லை. ஃபஹத் நிலோஃபரையே பார்த்தான். கண்ணில் இருந்த நெருப்பு அணைந்து, பழைய மழை திரும்பியிருந்தது.

வியாழக்கிழமை புதுக் கல் எட்டடி மேடையில் அச்சாக உட்கார்ந்தது. குட்டைக் கல் பின்கட்டில் பாத்திர மேடையானது.

மறு வாரம் அத்தா ஊர் திரும்பினார். கொண்டுவந்த புனித ஜம்ஜம் தண்ணீரைத் திறப்பதற்குள், நிலோஃபர் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிக் கடைச் சாவியைக் கல்லா மேல் வைத்தாள். அத்தா மூஸாவிடம் பேசப் போனைக் கையில் எடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்... நான் ஃபஹத். குத்தம் என்னுதுங்க." வாசலில் குடையை மடக்கிக்கொண்டே அவன். "டேப்பால சரிபாருங்கன்னு இவங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் திமிர்ல பாக்கல."

"நீங்க சும்மா இருங்க. பட்டனை மாத்தாதது நான்!"

"திரையில அம்பு இருக்குல்ல? அதைப் பாக்காதது நான்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? விக்கறவதான் பாத்துக் குடுக்கணும்!"

"எட்டு வருஷ ஃபோர்மேனுக்குத் தெரியாதா?"

"இருங்க, இருங்க..." அத்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊருல எல்லாரும் குத்தத்தை அடுத்தவன் தலையில கட்டத்தான் சண்டை போடுவாங்க. எனக்கு உனக்குன்னு அதைப் பங்கு கேட்டு அடிச்சுக்கற ஆளுங்களை இப்பதான் பாக்கறேன்!"

போனை வைத்தார். சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இருபது வருஷமா என் கடையிலேருந்து எதுவும் திரும்பி வரலைன்னு பெருமை பேசிட்டேன். இனிமே என் மவ பேச்சு மாறமாட்டான்னு பேசிக்கறேன். கடை உன்னுது." தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார். "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு... தம்பிக்கு என்ன வேணும்னு கேளு."

மழை விட்டு விட்டுத் தூறியது.

"என்ன வேணும்?"

"இன்னொரு லேசர் மீட்டர்..."

"முன்ன வாங்குனது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." ஃபஹத் குடையின் நுனியைத் தரையில் சுற்றிக்கொண்டிருந்தான். "எட்டு வருஷத்துல எத்தனையோ பேரோட வேலை பாத்தேன். யார் மேலடா பழி போடலாம்னுதான் எல்லாரும் தேடுவாங்க. அன்னைக்கு அந்த அடுப்படியில நீங்க நின்ன நிமிர்ப்பு இருக்கே... அதுலேருந்து தூக்கமே இல்லங்க. மீட்டர் ஒரு சாக்கு. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

நிலோஃபரின் முகம் காதுவரை சிவந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. ஹபீப் முகம்மதின் மகளாயிற்றே!

"நான் ஏன் பட்டனை மாத்த மறந்தேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"ஏன்?"

"நீங்க சிரிச்சீங்க... அதான்." அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "உங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்து அத்தாகிட்ட பேசுங்க. எனக்குச் சம்மதம்னு நானே மொதல்ல சொல்லிடறேன்."