இடம் விட்டது யார்?

ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவில் பிள்ளைகள் நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். காயப்போட்டிருக்கும் எதையும் மிதிக்கக் கூடாது. நெத்திலியாக இருந்தாலும் சரி, சென்னாங்குன்னி என்னும் பொடி இறாலாக இருந்தாலும் சரி, ஒதுங்கித்தான் போக வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனால் டீச்சர்கூட மன்னித்துவிடுவார். சென்னாங்குன்னியில் கால் வைத்தவரைப் பவுனம்மாள் அத்தை மன்னித்ததாகச் சரித்திரமே கிடையாது.

வித்யாவுக்குப் பன்னிரண்டு வயது. நடந்தாலும் ஓடினாலும் சைக்கிளில் பறந்தாலும் அவள் அந்தப் பாடத்தை மறந்ததே இல்லை. கடைசியில் அதுவே வினையாகப் போயிற்று.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. காட்டூரில் புறப்பட்டுத் தோணிரேவுப் படகுத்துறைக்கு முன்னால் முடியும். பதினான்கு வயதுக்குள் இருக்கும் யாரும் ஓட்டலாம். முதலில் வருகிறவருக்கு ஒரு பெரிய கோப்பை. அதைவிடப் பெரியது இன்னொன்று. பொன்னேரியில் நடக்கும் தேர்வுப் போட்டிக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். அங்கே நன்றாக ஓட்டினால் முறையான பயிற்சி கிடைக்கும்.

வித்யாவுக்கும் பக்கத்து வீட்டுச் சுதாவுக்கும் இரண்டு மாதமாக வேறு பேச்சே இல்லை. பள்ளி விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யார் ஜெயித்தாலும் கோப்பை ஒரு மாதம் இவள் வீட்டில், ஒரு மாதம் அவள் வீட்டில் என்று ஒப்பந்தம் வேறு. ஆனால் சுதாதான் வேகம் என்பது ஊருக்கே தெரியும். வித்யாவுக்கும் தெரியும்.

பந்தயம் முடியப்போகும் நேரத்தில் மூன்று பேர்தான் முன்னால் இருந்தார்கள். சாலையின் இடது ஓரத்தில் வித்யா. அவளுக்கு அரைச் சைக்கிள் நீளம் பின்னால், வலது பக்கத்தில் சுதா. சுதாவுக்கு அந்தப் பக்கம் காட்டூர்ப் பையன் ராகுல். சுண்ணாம்புக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. கோட்டுக்குப் பின்னால் ஊரே நின்று கத்தியது.

சாலையோரத்தில் காயவைத்ததையெல்லாம் அன்று காலையிலேயே அள்ளிவிடச் சொல்லியிருந்தார்கள். பவுனம்மாள் அத்தை முக்கால்வாசிதான் அள்ளியிருந்தார். மிச்சம் ஒரு பாய் அளவுக்கு, வித்யாவின் சக்கரத்துக்கு நேராக, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் யோசிக்கவில்லை. கைப்பிடி தானாக வலது பக்கம் திரும்பியது. பின்சக்கரத்தில் 'டக்' என்று ஏதோ இடித்தது. அதற்குள் அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது சுதா தார்ச்சாலையில் கிடந்தாள். அவளுடைய சைக்கிளின் முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தோள் எலும்பு முறிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆறு வாரத்துக்குக் கட்டு. சைக்கிளைத் தொடக்கூடாது.

யார் செய்த வேலை இது என்று ஊர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. பந்தயத்தை நடத்திய இளைஞர் மன்றத்தின் தலைவர் துளசிங்கம் மாமா கோட்டருகே வலது பக்கம் நின்று போனில் படம் பிடித்திருந்தார். அதில் வித்யா தெரியவே இல்லை. ராகுலின் இடது கை நீண்டு சுதாவின் தோளில் படுவதும், அவள் விழுவதும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

"பாரு, நல்லா பாரு. கைய வச்சித் தள்றான்" என்றார் துளசிங்கம் மாமா.

சாயந்திரத்துக்குள் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது. இரண்டாவதாக வந்த ராகுலின் பெயரை அடித்துவிட்டார்கள். இனி எந்தப் பந்தயத்திலும் அவனைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண்ணால் பார்த்துவிட்டோமே, கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

வித்யா அன்று சாயந்திரமே கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதல் மாதம் உன்னிடமே இருக்கட்டும் என்று கட்டிலில் வைத்தாள். சுதா வலியோடு சிரித்தாள். பின்சக்கரத்தில் இடித்தது கல்லாகத்தான் இருக்கும் என்று வித்யா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்துத் தடவை சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை பவுனம்மாள் அத்தை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"உனக்குத்தான்மா. சென்னாங்குன்னி" என்றார்.

அத்தை யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. வித்யாவின் அம்மாவே வாயைப் பிளந்தாள்.

"அத்தினி வேகத்துல வந்துகினுகூட, என்னுத மிதிக்கக்கூடாதுனு சரேல்னு ஒதுங்கிப் போனியே. நான் பாத்துகினுதான் இருந்தேன். வேற யாருனா இருந்தா ஏத்திகினு போயிருப்பாங்க."

அத்தை கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். வித்யா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல் இல்லை. அவளுக்கு முதலிலேயே தெரியும், கல் இல்லை.

அன்று மதியம் அம்மா அந்த இறாலில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். வித்யாவுக்கு மிகவும் பிடித்த குழம்பு. ஒரு வாய் எடுத்தவள், வயிறு சரியில்லை என்று எழுந்துபோய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு ராகுல் சைக்கிளில் வரவில்லை. பஸ்ஸில் வந்தான். அவனும் இவர்களும் ஒரே வகுப்பு. அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. 'தள்ளு வண்டி' என்று அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அவன் நெல் விளையும் காட்டூர்ப் பக்கத்துப் பையன். நன்றாகச் சிரிக்க வைப்பான். அன்று யாரோடும் பேசவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வித்யா அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஏன் கையை நீட்டினாய் என்று மெல்லக் கேட்டாள்.

"அவ எம்மேல சாஞ்சா. புடிச்சி நிறுத்தலாம்னு பாத்தேன்" என்றான் ராகுல். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இல்ல, தெரியல. அந்த வீடியோவ நானே அம்பது தடவ பாத்துட்டேன். தள்ளிட்டனோனு எனக்கே இப்ப சந்தேகமா கீது."

செய்யாத ஒன்றைச் செய்ததாக அவனே நம்பத் தொடங்கிவிட்டான். வித்யா வாயைத் திறந்தால் கோப்பை போய்விடும். பொன்னேரி போய்விடும். அதெல்லாம் போகட்டும், சுதா போய்விடுவாளே.

முதலில் சுதாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். சுதா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். கோப்பை அவள் தலைமாட்டில் இருந்தது. வித்யா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இறாலைப் பார்த்தது, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை ஒடித்துத் திருப்பியது, சக்கரத்தில் இடித்தது, கல் என்று நினைத்துக்கொண்டது.

சுதா தலைமாட்டில் இருந்த கோப்பையை ஒரு கையால் தள்ளிவைத்தாள்.

"இது தெரிஞ்சுகினேதான் கப்ப எடுத்துகினு வந்து எங்கிட்ட காட்டினியா?" என்றாள்.

சுதா சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள். முறிந்த தோள் அந்தப் பக்கம்தான் இருந்தது. வலிக்குமே என்று வித்யாவுக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லும் உரிமைகூடத் தனக்கு இப்போது இல்லை என்று நினைத்து, வெளியே வந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில் பாடு பிரித்தார்கள். ஏரியில் எந்தப் படகு எந்த இடத்தில் வலை கட்ட வேண்டும் என்று குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். அந்த இடத்துக்குத்தான் பாடு என்று பெயர். ஊர் முழுக்க அங்கே இருக்கும். வித்யாவின் அப்பா சிங்காரமும் இருந்தார்.

சீட்டெல்லாம் எடுத்து முடித்ததும் வித்யா கூட்டத்துக்குள் நுழைந்தாள். துளசிங்கம் மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, ரெண்டு பேர் வலை சிக்கிகிச்சினா மொதல்ல இன்னா கேப்பீங்க?"

துளசிங்கம் மாமா சிரித்தார். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யார் வலை கிழிந்தது, யார் கத்தினார்கள் என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எடம் விட்டது யாருனு கேப்போம். தன் எடத்த விட்டு அடுத்தவன் எடத்துல பூந்தது யாருனு" என்றார்.

"அன்னிக்கு ஏன் மாமா அத கேக்கல?"

சிரிப்பு நின்றது. வித்யா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எடம் விட்டது நான். சென்னாங்குன்னி மேல ஏத்தக்கூடாதுனு திரும்பிகூட பாக்காம வலது பக்கம் ஒடிச்சிட்டேன். சுதா சக்கரம் என் சக்கரத்துல பட்டுச்சி. அவ சாஞ்சதுக்கு அப்பறம்தான் ராகுல் கைய நீட்டினான். புடிக்கத்தான் நீட்டினான்."

பவுனம்மாள் அத்தை, தன்னால்தான் எல்லாம் என்று முணுமுணுத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மிச்ச இறாலை அன்றே அள்ளியிருக்கலாமே என்பது அவருக்கும் தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெல்ல நடந்து வந்து மகளின் பின்னால் நின்றுகொண்டார்.

துளசிங்கம் மாமா தலையைச் சொறிந்தார். சரிம்மா, பையனிடம் சொல்லிவிடலாம், அவன் பெயரையும் சேர்த்துவிடலாம் என்றார். அதோடு முடிந்தது என்று எழுந்தார். வித்யா நகரவில்லை.

"அந்த வீடியோ எல்லா ஊருக்கும் போயிடுச்சி. நான் சொன்னது இங்கதான் கீது. அதே போன்ல என்னையும் படம் புடிங்க மாமா. அதே குரூப்புல எல்லாத்துலயும் போடுங்க."

வேண்டாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். பெண்பிள்ளை, பெயர் கெட்டுவிடும் என்றார்கள். வித்யா திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, நான் சொல்லட்டா?"

அப்பாவுக்கு வலிக்கிறது என்பது முகத்திலேயே தெரிந்தது. "சொல்லு" என்றார்.

துளசிங்கம் மாமா போனை எடுத்தார். வெயில் கண்ணில் அடித்தது. வித்யா முதலிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தது. வெட்டிவிட்டு மறுபடி எடுக்கலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுச் சொல்லி முடித்தாள்.

வித்யாவின் வெற்றியை மன்றம் ரத்து செய்தது; பொன்னேரிக்கு இரண்டாவதாக வந்த ராகுல் போனான். போகும் முன் பள்ளியில் வித்யாவைப் பார்த்து, தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னான். அங்கே எட்டாவதாகத்தான் வந்தானாம். கூடப் போன துளசிங்கம் மாமாதான் வந்து சொன்னார். வேகமெல்லாம் நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் கடைசி வரைக்கும் யாருடைய பக்கத்திலும் நெருங்கவே இல்லையாம். சாலையின் ஒரு ஓரத்திலேயே தனியாக ஓட்டிக்கொண்டு போனானாம். போன பெயர் திரும்ப வந்துவிட்டது. போன தைரியம் அவ்வளவு சீக்கிரம் வராது போலிருக்கிறது.

கோப்பை மன்றத்து அலமாரிக்குப் போய்விட்டது. இந்த வருஷம் அது யாருக்கும் இல்லை.

சுதா தோளில் கட்டோடு பள்ளிக்கு வரத் தொடங்கினாள். வித்யா தினமும் காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றாள். பையை இதில் வை, நான் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றாள். சுதா காதில் வாங்காதவளாக நடந்து போனாள். வித்யா மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள்.

நான்காம் நாள் சுதா ஒன்றும் பேசாமல் பையைக் கேரியரில் வைத்தாள். வித்யா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். மூன்றடி பின்னால், கொஞ்சம் வலது பக்கமாகச் சுதா நடந்து வந்தாள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

படகுத்துறையைத் தாண்டியதும் சாலையின் இடது ஓரத்தில் பவுனம்மாள் அத்தை சென்னாங்குன்னியைப் பரப்பியிருந்தார். வித்யாவின் கைகள் தாமாகவே வலது பக்கம் திரும்பப் பார்த்தன. அவள் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

"சுதா, இந்தாண்ட எறா கீது. வலது பக்கம் வரட்டா?"

சுதா அவளைப் பார்த்தாள். இறாலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று வழி விட்டாள்.

"வா" என்றாள்.

பதினெட்டு நாள் கழித்து வித்யாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.