விரியன் முட்டை

மாலை 3.20. வடக்குப்பட்டில் நாகப்பனின் லைன் வீடு, நாலாம் நம்பர் அறை.

தளவாய் மல்லாந்து கிடந்தான். லுங்கி, பனியன். வலது கணுக்காலில் இரண்டு பொட்டு. முழங்கால்வரை கால் கறுத்து வீங்கியிருந்தது. ஈறில் கசிந்த ரத்தம் தாடையில் காய்ந்திருந்தது. வயது இருபத்து நாலு. பக்கத்துக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், இரும்பை அழுத்தி வளைக்கும் எந்திரங்களுக்குத் தகடு தூக்குகிறவன். முதலில் பார்த்தது ஐயனார். ஒரே அறை, ஒரே கம்பெனி.

4.10. எஸ்.ஐ. கலைமதி வந்தார். நாலு நாள் ஆடி மழையில் தெரு சேறாகக் கிடந்தது. வழியில் கம்பெனி வாசலைப் பார்த்திருந்தார். கேட்டோரம் பூந்தொட்டி மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே பச்சைப் பலகை: விபத்தில்லா நாட்கள் 499.

ஐயனாரின் கட்டிலுக்கடியில் ஒரு பெயிண்ட் வாளி. அதில் அடித்துக் கொன்ற கண்ணாடி விரியன். பாம்புக்குக் கீழே ஈரத் தேங்காய் நார்த்தூள். தூளுக்குள் பதினொரு வெள்ளை முட்டை. அடி விழுந்த இடத்தில் பாம்பின் வயிறு கிழிந்து, செருப்பு வார் மாதிரி ஏதோ வெளியே தொங்கியது.

"குடல் மேடம்," என்றார் ஏட்டு ரத்தினம்.

கலைமதி பிணத்தின் தலையைத் திருப்பினார். இடது காதில் ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒன்று. வெளிமுனையில் எண்ணெய்க் கறை.

"கூட இருக்கிறவன் குறட்டைக்குப் பயந்து வெச்சிருப்பான்," என்றார் ஏட்டு.

ஐயனார் விலங்கோடு ஜீப்பில் இருந்தான். கம்பெனிக்குள் பாம்பு வந்தால் பிடிக்கிறவன் அவன்தான். முந்தாநாள் தளவாயோடு சண்டை போட்டிருக்கிறான். இதையெல்லாம் கேட்காமலே சொன்னவர் ஷிப்ட் இன்சார்ஜ் லோகேஷ். ஏழு மணிக்குள் ஐயனார் மேல் கொலை வழக்கு எழுதச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது.

4.35. கலைமதி ஜீப்பருகே போய் ஐயனாரிடம் கேட்டார்.

"சண்டை எதுக்கு?"

"செருப்பக் கழத்தாம கட்டில்ல விழுவான் மேடம். ஏசினேன். அதுக்குப் போய்ப் பாம்ப விடுவாகளா? அவன் எங்க சித்தப்பா மவன்."

"இன்னைக்கு எங்க போயிருந்த?"

"வார லீவு. முழிக்கும்போது அவன் கட்டில்ல இல்ல, ஷிப்டுக்குப் போயிருப்பாம்னு நெனச்சேன். ஒம்பது மணிக்கே மறைமலை நகர் போயிட்டேன். முடி வெட்டிட்டு வாரேன்." பிடரியில் பவுடர் அப்படியே இருந்தது.

"காதுல பஞ்சு வெச்சுத்தான் தூங்குவானா?"

"பிரஸ்ஸு சத்தத்துக்குக் குடுக்கது மேடம் அது. தெனம் புதுசு. வெளிய வரும்போது கேட்டுல இருக்க டப்பாவுல போட்டுரணும். போடாட்டா செக்யூரிட்டி விடமாட்டான்."

4.50. லோகேஷ் வாசலில் நின்றிருந்தார். மறைமலை நகர் அபார்ட்மெண்டில் வளர்ந்தவர். சேறு படாத ஷூ.

"தளவாய் இன்னைக்கு வேலைக்கு வந்தானா?"

"வர்ல மேடம். ஆப்சென்ட். ரிஜிஸ்டர்ல கீது."

5.05. கலைமதி ஒரு முட்டையை மட்டும் காகிதத்தில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். இது என்ன முட்டை?

வீட்டுக்காரர் நாகப்பன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஓணான் முட்டைம்மா. எங்க கொல்லையில வந்து தோண்டு, கூடை கூடையா தரேன்."

ஐயனார் முகத்தைச் சுளித்தான். "ஓணான் முட்டை. இதப் போயி யாரு வாளியில போட்டது?"

லோகேஷ் உறுதியாகச் சொன்னார். "விரியன் முட்டை மேடம். தாயும் முட்டையும் ஒண்ணாத்தானே கீது."

5.20. கலைமதி மூன்று பேரையும் வாளியைச் சுற்றி நிறுத்தினார். பேனா முனையால் அந்தக் குடலை இழுத்தார். முழுசாக வந்தது. விரல் தடிமன் கூட இல்லை. முதுகில் தாயின் அதே புள்ளி. தலை இருந்தது, கண் இருந்தது. உள்ளே இன்னும் நிறைய சுருண்டு கிடந்தன. ஒன்று அசைந்தது. ஏட்டு பின்னால் நகர்ந்தார்.

"விரியன் முட்டை போடாது லோகேஷ். வயிறு விரிஞ்சு குட்டி போடும், அதனாலதான் விரியன்னு ஊர்ல சொல்லுவாங்க. காலேஜ்ல ஸுவாலஜி கிளாஸ்ல காரணமும் சொன்னாங்க. குளிர் தேசத்து மண்ணுல போட்ட முட்டை பொரியாம செத்துப்போகும். வயித்துல சுமந்துகிட்டு வெயில்ல படுத்த பாம்போட குட்டிதான் பொழைக்கும். குட்டி போடுற பழக்கமே அப்படித்தான் வந்திருக்கணும்னு கணிக்கிறாங்க. ஓணானுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. சூட்டு மண்ணுல குழி தோண்டிப் போட்டுட்டுப் போயிடும். மிச்சத்த வெயில் பாத்துக்கும்."

கலைமதி காகிதத்திலிருந்த முட்டையை லோகேஷிடம் நீட்டினார். "பாம்பு புடிக்கிறவன் விரியனுக்கு அடியில ஓணான் முட்டைய வெக்கமாட்டான். தெரியாதவன்தான் வெப்பான். முட்டை மேல இருக்கிற நார்த்தூள் உங்க கேட்டுப் பூந்தொட்டியில இருக்கிறது. அங்க கெடச்சதப் பாம்பு முட்டைன்னு நெனச்சு, ஐயனார் பாம்பு வளக்கிறான்னு காட்ட வாளியில போட்டீங்க."

லோகேஷ் வாசல் பக்கம் திரும்பினார்.

"சினைப் பாம்பு சூடு தேடும். நாலு நாளா மழை. பிரஸ்ஸுக்குக் கீழ ஆயில் டேங்க் ராவும் பகலும் கொதிக்குது. அங்கதான் அவனக் கடிச்சிருக்கு. லுங்கி மாத்தினீங்க, ரிஜிஸ்டர் மாத்தினீங்க. காதுப் பஞ்சை எடுக்கல. அத எடுக்காம எவனும் கேட்டத் தாண்டி நடந்து வரமுடியாது. தூக்கித்தான் வந்திருக்கணும். எத்தன மணிக்குக் கடிச்சுது?"

லோகேஷ் கைக்கடிகாரத்தைத் தொட்டார். "எட்டரை."

"எத்தன மணிக்குச் செத்தான்?"

"பன்னெண்டேகால்."

"ஆஸ்பத்திரி அரைமணி தூரம்."

"நாளைக்கு ஐந்நூறாவது நாள் மேடம். பெரிய ஆளுங்க வராங்க. ஆம்புலன்ஸ் உள்ள வந்தா போர்டு சைபர் ஆயிடும். ஷிப்ட் முடியறவரைக்கும் டூல் ரூம்ல படுக்க வெச்சா வெளிய இட்டுகினு போலாம்னு இருந்தேன். காலு மட்டும்தான் வீங்கிகினு இருந்துச்சு. பேசிகினுதான் இருந்தான்."

ஏட்டு ஐயனாரின் விலங்கைக் கழற்றினார். அவன் மணிக்கட்டைத் தேய்க்கவில்லை. லோகேஷின் முன்னால் போய் நின்றான். அடிப்பான் என்று நினைத்து ஏட்டு குறுக்கே கை நீட்டினார்.

"பேசிக்கிட்டு இருந்தாம்லா," என்றான் ஐயனார். "எனக்கு ஒரு போன் போடச் சொல்லலியா சார்?"

லோகேஷ் தரையைப் பார்த்தார்.

"சொன்னான். போனு உள்ள அலவ் இல்ல. கேட்டு லாக்கர்ல இருந்துச்சு."