எதிர்க்கடை

செவ்வாயின் நான்காம் குகைநகரில் பொழுது விடிந்ததும் சனங்கள் முதலில் வாங்குவது காற்று. உயிர் வாழத் தேவையானதை நகராட்சியே குழாயில் விட்டுவிடும். அதில் ஒரு வாசனையும் இராது. மல்லிகைக் காற்று, மழை பெய்த மண்ணின் காற்று, வடை சுடும் காற்று என்று முகமூடியில் நிரப்பிக்கொள்ள வேண்டுமானால் தணிகாசலத்திடம் வரவேண்டும். அல்லது எதிர்ப்பக்கம் சுலோச்சனாவிடம் போகவேண்டும். அந்த 'அல்லது' பதினோரு வருடமாகத் தணிகாசலத்தின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அவர் கடையின் விலைமதி, அதாவது நிமிடத்துக்கு நிமிடம் விலை வைக்கும் இயந்திரம், அவள் கடையிலிருந்து கண்ணை எடுத்ததே இல்லை. அவள் விலையை ஏற்றினால் இவரும் ஏற்றிவிடுவார். "அவ காத்து ஒசத்தி, என் காத்து மட்டமா?" அவளுடைய விலைமதிக்கும் அதே உத்தரவுதான். மல்லிகைக் காற்றின் விலை நான்கு மடங்காயிற்று.

ஒரு நாள் சந்தைப்போட்டி ஆணையத்தின் இயந்திர ஆய்வாளர் வந்தது. கணினிகள் ரகசியமாகக் கைகோத்து விலையை ஏற்றக் கூடாது என்று பூமியில் போட்ட சட்டம் எல்லாக் கோள்களுக்கும் பொது.

"நீங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்திருக்கிறீர்கள்."

"கூட்டா? அவளோடயா? அவ இருக்கற திசையில தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன் சாமி!"

"காரணம் எங்களுக்குத் தேவையில்லை. பார்த்தால்தானே விலை ஒத்துப்போகும்? இனி பார்க்க வேண்டாம்."

அன்றே விலைமதிகள் இரண்டும் பறிமுதலாயின; இருவர் கண்ணிலும் மறைப்படலம் ஒட்டப்பட்டது. உரிமம் கையில் இருக்கும்வரை அதைக் கழற்ற முடியாது. எதிர்க்கடையும் அதன் உரிமையாளரும் வெறும் சாம்பல் நிறமாகத்தான் தெரிவார்கள். அவர்களைப் பற்றி யாரிடமும் விசாரிப்பதும், யாரும் சொல்வதும் குற்றம்.

என்ன விலை வைப்பதென்று புரியாமல் தணிகாசலம் குத்துமதிப்பாகக் குறைத்தார். கூட்டம் கூடியது. ஒரே மாதத்தில் வரிசை முக்கு திரும்பியது. அவருக்கோ சோறு இறங்கவில்லை.

"இங்கயே இவ்வளவு கூட்டம்னா, அங்க எவ்வளவு இருக்கும்?"

"நம்ம வாசல்ல நிக்க எடமில்ல. அதுக்குச் சந்தோஷப்படுங்களேன்" என்றாள் மனைவி பூங்கோதை.

"அவ வாசலப் பாக்காம எப்படிடி சந்தோஷப்படறது?"

எட்டாம் மாதம் பொறுக்கமுடியாமல் ஆணையத்துக்குப் போய் உரிமத்தை நீட்டினார்.

"நகரிலேயே அதிகம் விற்பது உங்கள் கடை. ஏன் விடுகிறீர்கள்?" என்று கேட்டது ஆய்வாளர்.

"மொதல்ல கண்ணுல இருக்கறதக் கழட்டுங்க."

ஆய்வாளர் ஒரு கணம் தயங்கியது. போட்டியாளரைப் பற்றிச் சொல்ல அதற்கும் அனுமதி இல்லை. கழற்றிவிட்டது.

தணிகாசலம் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தார். எதிர்க்கடை பூட்டிக் கிடந்தது. பூட்டின்மேல் விரல் தடிமனுக்குச் செம்மண். படியில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள்.

"எப்பம்மா மூடின?"

"படலம் ஒட்டின மூணாம் நாளே உரிமத்தத் திருப்பிக் குடுத்துட்டேண்ணே. உங்க கடையப் பாக்காம இருக்க முடியல. எட்டு மாசமா இங்கயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். யப்பா, என்ன கூட்டம்! வயிறு பத்தி எரிஞ்சுது."

பதினோரு வருடத்தில் தணிகாசலத்தின் மனம் அப்படிக் குளிர்ந்ததில்லை. படியைத் தட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பூங்கோதை எதிரே தம் கடைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"தீபாவளி வாரத்துல வரிசை எதுவரைக்கும்மா நின்னுச்சு? கொஞ்சம் வெவரமாச் சொல்லு."