ஏழாம் நம்பர் வண்டியின் சீட்

மாலை ஐந்து மணிக்கு, ஏழாம் நம்பர் வண்டியின் சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியது.

அந்த மினி பொக்லைன் கே.கே. நகர் யார்டில், மதிவாணனின் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் ஆகிறது. சாவி அவனுடைய மேஜை டிராயரில். மழைத் தண்ணீர் இறங்கி ஒயர் எங்காவது ஒட்டியிருக்கும், ஜிபிஎஸ் பெட்டியில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பக்கத்துக் கட்டமும் மாறியது. சும்மா நிற்கும் நேரம்: ஒரு நிமிடம்.

அந்தக் கட்டத்தை ஒரு காலத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டியவன் அவன். முதலாளியின் பதினான்கு வண்டிகளில் எது எந்தத் தெருவில் நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறதா, சீட்டில் ஆள் இருக்கிறானா, வேலை செய்யாமல் எவ்வளவு நேரம் டீசல் எரிகிறது என்பது வரை நாற்காலியை விட்டு எழாமல் அவனுக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு மேல் எவனாவது சும்மா ஓடவிட்டால், இங்கிருந்தே ஒரு பட்டனைத் தட்டி இன்ஜினை நிறுத்திவிடுவான். பிறகு அந்த ஆபரேட்டரின் போட்டோவை 'இன்றைய தூங்குமூஞ்சி' என்று வாட்ஸப் குரூப்பில் போடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்தவன் தலைகுனிவதைப் பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு ருசி.

ஏழாம் நம்பரை ஓட்டிய ஏசுராஜின் வண்டியையும் ஒரு மாதத்துக்கு முன் அப்படித்தான் நிறுத்தினான். அடையாறில் வீடு கட்டத் தோண்டிய பள்ளம், விடாத மழை, பக்கவாட்டு மண் சரியத் தொடங்கியிருந்தது. முட்டுக் கொடுத்திருந்த பலகையைத் தன் வண்டியின் பக்கெட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த இரண்டு பேரை ஏணியில் ஏறச் சொல்லியிருக்கிறான் ஏசுராஜ். பிடித்துக்கொண்டு நிற்கும் வண்டி அசையாது. அசையாத வண்டி, திரையில் சும்மா நிற்கும் வண்டி. பதினோராவது நிமிடம் மதிவாணன் பட்டனைத் தட்டினான். அந்த இருவரும் ஏறிவிட்டார்கள். இன்ஜின் நின்றதும் பக்கெட்டின் பிடி தளர்ந்து, சரிந்த மண் வண்டியோடு ஏசுராஜை மூடியது. உடலை வெளியே எடுக்க மறுநாள் காலை ஆயிற்று.

'ஆபரேட்டர் தூங்கிவிட்டார்' என்று ரிப்போர்ட் எழுதியதும் மதிவாணன்தான், பட்டன் தட்டிய பதிவை அழித்ததும் அவன்தான். பிழைத்த இருவரும் வடக்கே தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் வெட்கம் மறையவில்லை. சவரம் செய்யும்போதுகூடக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்க்காமல் தாடையை மட்டும் பார்க்கப் பழகியிருந்தான்.

மூன்று நிமிடம். ஜன்னலுக்கு வெளியே தார்ப்பாய் காற்றில்லாமல் ஒருமுறை அசைந்து அடங்கியது.

"சார்."

திடுக்கிட்டுத் திரும்பினான். வாசலில் ஏசுராஜின் மனைவி ஜாஸ்மின் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். கொட்டிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"அவரு சாப்பாட்டு டப்பா வண்டியிலயே கீதாம் சார். எத்துக்கினு போலாம்னு வந்தேன்."

வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். மதிவாணனே போய்த் தார்ப்பாயைத் தூக்க வேண்டியதாயிற்று. தூக்கியதும் உள்ளிருந்து பள்ளத்து மண்ணின் வாடை, டீசலும் அழுகிய வேரும் சேர்ந்த குளிர்ந்த வாடை, முகத்தில் வந்து மோதியது. சீட்டின் நடுப்பகுதி அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உட்கார்ந்திருப்பவர் பேச்சுக் கேட்கத் திரும்பினால் சாய்வதுபோல.

ஜாஸ்மின் அதைக் கவனிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் கைவிட்டு டப்பாவை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். குப்பத்துல அல்லாரும் தூங்கிட்டான் தூங்கிட்டான்றாங்க. எம்பொண்ணு இஸ்கூலுக்குப் போமாட்டேன்னு அழுவுது. கடலுக்குப் போய்க்கினு இருந்தப்ப ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடந்த மன்சன் அவரு. நெசமாவே தூங்கிட்டாரா?"

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். தொண்டை வரை வந்தது. வேலை, போலீஸ், குரூப்பில் தன் போட்டோ, எல்லாம் கூடவே வந்தன.

"ஆமாம்மா. தூங்கிட்டாரு."

அவள் தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் சீட்டின் பஞ்சு மெதுவாக மேலே எழும்பியது. குழி நிரவியது. அவள் போனதும் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தான். சீட்டில் ஆள் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆறு மணிக்கு யார்டைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினான். ஸ்டார்ட் செய்தான்.

வண்டியின் பின்பக்கம் இறங்கியது.

மெதுவாக. ஒரு ஆள் கனத்துக்கு.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. கண்ணாடியைப் பார்க்கத் துணிவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். முதுகில் ஈரம். மண் வாடை. இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் வந்து பிடித்தன. குளிர்ந்த கைகள். விழுந்துவிடாமல் இருக்கப் பிடிப்பவனின் பிடி.

சிக்னல் சிவப்பு. நின்றான். பக்கத்தில் பஸ் ஸ்டாப். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஜாஸ்மின்.

அவள் மதிவாணனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நடைபாதையிலிருந்து இறங்கி நேராக வந்தாள்.

"இன்னாய்யா இது, இப்டி நனைஞ்சிக்கினு ஒக்காந்துகீற," என்றாள். "நீ சொல்லு. நெசமாவே தூங்கிட்டியா?"

மதிவாணனின் காதருகே ஒரு வாய் திறந்தது. அவன் காலருக்குள் ஈர மண் கொட்டத் தொடங்கியது.