தூங்கவிடாத பிள்ளை

மதிய உறக்க நேரத்தில் அந்தப் பாலர் பள்ளி இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. நாரின் ஊரின் மலைக்காற்றுகூட அன்று அடங்கிக் கிடந்தது. தாழ்வாரத்தில் ஈரக் கம்பளிக் காலுறைகளின் வாடை; மூடிய கதவுக்குப் பின்னால் நிலக்கரி அடுப்பின் மெல்லிய சடசடப்பு; வேறு சத்தமில்லை. ஆசிரியை சாய்கலுக்கு அந்த அமைதி பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

நேற்றுவரை இந்நேரம் ஐபெரி வேலையைத் தொடங்கியிருப்பாள். நாலு வயது. கட்டில் கட்டிலாகப் போய், கண் மூடிய பிள்ளைகளைக் கடிப்பாள். கடிபட்டது வீறிட்டால்தான் அடுத்த கட்டில்.

காரணம் கண்டுபிடிக்க நகரத்திலிருந்து நிபுணர் டாமிரா வந்தார். குழந்தைகளின் நடத்தையைக் கரைத்துக் குடித்தவர், அவரே சொன்னார். தட்டில் பொரித்த போர்சோக் பணியாரம் தீருமுன் காரணம் கிடைத்துவிட்டது.

"எல்லாரும் தன்னையே பாக்கணும், அவ்வளவுதான். நீங்க ஓடி ஓடித் தூக்குறீங்க, அவளுக்குக் கொண்டாட்டம். வெளிய உக்கார வைங்க. கத்தினா திரும்பிக்கூடப் பாக்காதீங்க."

"இல்லீங்க, போன குளிர்காலத்துல அவ அம்மா..."

"வீட்டுக் கதையெல்லாம் எதுக்கு? கண்ணுக்குத் தெரியறத மட்டும் பாப்போம். இன்னும் கொஞ்சம் டீ இருக்கா?"

போகிற போக்கில், குளிர் பட்டால் பிள்ளைகளின் தூக்கம் கெடும் என்று சன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டச் சொல்லிவிட்டும் போனார்.

இன்று தாழ்வாரத்தில் உட்கார வைத்த ஐபெரி கதவை உதைத்தாள், பிறாண்டினாள், கத்தினாள். சாய்கல் திரும்பிப் பார்க்கவில்லை. வைத்தியம் பலித்தது. பிள்ளை ஓய்ந்துவிட்டது.

"அக்கா," தொண்டை கட்டிய குரல். "எல்லாரும் தூங்கிட்டாங்களா?"

"தூங்கட்டும்டா கண்ணு."

"அம்மாவும் தூங்கறாங்கன்னுதான் சொன்னாங்க. அடுப்புப் பக்கத்துல. நான் எழுப்பவே இல்லக்கா. கடிச்சிருந்தா எந்திரிச்சிருப்பாங்க."

போன குளிர்காலம் ஐபெரியின் வீட்டிலும் இப்படிக் காற்றில்லாத நாள்தான். அடுப்பின் நச்சுக்காற்று புகைபோக்கி வழியே ஏறாமல் உள்ளேயே தங்கிவிட்டது. வாடையில்லை, புகையில்லை. கன்னம் மட்டும் சிவந்திருந்ததாம். அம்மா தூங்குகிறாள் என்று ஊரே பிள்ளைக்குச் சொன்னது, சாய்கலும் சொன்னாள்.

கதவைத் திறந்தாள்.

வெதுவெதுப்பு. சன்னலெங்கும் புதுக் காகிதம். வரிசையாய்க் கட்டில்கள். எல்லாக் கன்னமும் ஆப்பிள் சிவப்பு.

"எந்திரிங்க."

சன்னலை உடைத்தாள். பனிக்குளிர் பாய்ந்தது. ஒரு பிள்ளையும் போர்வையை இழுத்துக்கொள்ளவில்லை.

உலுக்கினாள். தலை சாய்ந்தது.

குனிந்தாள். சின்னக் கை. சூடாகத்தான் இருந்தது.

கடித்தாள்.

வாசலில் ஐபெரி நின்றிருந்தாள்.

"இன்னும் பலமாக்கா."